உள்பூச்சு

காரின் டாஷ்போர்டை உற்றுப் பார்த்தால் அதில் மெல்லிய சுருக்கங்கள் தெரியும். புறங்கைத் தோல் மாதிரி. அங்கே எதற்குச் சுருக்கம்? உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தினால் வழவழப்பான பரப்புதான் கிடைக்கும், சுருக்கம் தானாக விழாது. அச்சின் உட்புறத்தை அமிலத்தால் அரித்து, மாட்டுத் தோலின் ரேகைகளைப் பதித்து, அதை ஒவ்வொரு டாஷ்போர்டிலும் பிரதி எடுக்கிறார்கள். சில கார்களில் இன்னும் ஒரு படி மேலே போய்த் தையலையும் பிளாஸ்டிக்கிலேயே வார்த்திருப்பார்கள். ஊசி இல்லை, நூல் இல்லை, தைப்பதற்குத் தோலும் இல்லை. தையல் மட்டும் இருக்கிறது.

இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. வழவழப்பான பரப்பு வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். சின்னக் கீறல்கூடப் பளிச்சென்று தெரியும். சுருக்கம் இரண்டையும் அடக்கிவிடும். ஆனால் அதற்கு எந்தச் சொரசொரப்பும் போதும், மாட்டுத் தோல்தான் வேண்டும் என்றில்லை. தோலைத் தேர்ந்தெடுத்தது நம் ஆசை.

தோலாக நடிக்கும் இந்தப் பிளாஸ்டிக்கின் மேல் பெயின்ட் அடிப்பது பொய்யா? ஆம் என்றால், யாரிடம் சொல்லும் பொய்? இப்படி எழுதிப் பார்க்கும்போது கேள்வி கொஞ்சம் அற்பமாகத்தான் தெரிகிறது. பெரியப்பாவின் காரை விற்க வேண்டி வந்த வாரத்தில் அப்படித் தெரியவில்லை.

பெரியப்பா ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நெடுங்காலம் கணக்கு எழுதியவர். 2009-ல் ஒரு வெள்ளை ஹேட்ச்பேக் வாங்கினார். போன வருடம் கண் ஆபரேஷன் ஆனபிறகு, மலைப்பாதையில் எதிரே வரும் வண்டியின் விளக்கு பூவாகச் சிதறுகிறது என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். "வித்துடுடா" என்றார். அவ்வளவுதான்.

மலையில் வாழும் காருக்கு உள்ளே இரண்டு விதமான முதுமை வரும். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டரில். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே கடைவீதியில் நிறுத்தினால் வெயில் டாஷ்போர்டை வறுத்துச் சாம்பல் நிறமாக்கும். மேலே வீட்டு வாசலில் நிறுத்தினால் பனி உள்ளே இறங்கிச் சீட்டிலும் டோர் பேடிலும் பூசணம் பூக்க வைக்கும். பெரியப்பாவின் காரில் இரண்டும் நடந்திருந்தன. இது போதாதென்று கியர் நாப் தேய்ந்து கூழாங்கல் மாதிரி ஆகியிருந்தது, மேலே இருக்க வேண்டிய எண்களில் ஒன்றுகூட இல்லை. மலையில் ஏறுவதும் இறங்குவதும் இரண்டாவது கியரில்தான் என்பது அந்தக் கைக்குத் தெரியும், எண் தேவைப்பட்டிருக்காது. டிரைவர் பக்கக் கைப்பிடியில் மோதிரம் உரசிய ஒரு பள்ளம்.

அஸ்தம்பட்டியிலிருந்து வந்த புரோக்கர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்ஜின் சும்மா கிண்ணுன்னு இருக்குதுங்க. உள்ளதான் பாக்க முடியல. உள் பிளாஸ்டிக் பூரா கழட்டிப் பெயின்ட் அடிச்சிருங்க சார், பதினஞ்சாயிரம் சேத்து வரும்."

இங்கே வழக்கமான கதை என்றால் புரோக்கர் அயோக்கியர், பெரியப்பா நேர்மையாளர், நான் நடுவில் தத்தளிப்பவன். அப்படி நடக்கவில்லை. பெயின்ட் அடித்தே ஆகவேண்டும் என்று நின்றவர் பெரியப்பா. காசுக்காக இல்லை. "பதினாறு வருஷம் சோறு போட்ட வண்டி. குளிப்பாட்டாம எப்படிடா அனுப்புறது?" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத்தான் வாய் வந்தது, காரணம் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் காரணத்தைத் தேடியது.

*

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் அறம் பேசுவதில் அர்த்தமில்லை.

காரின் உள்பாகங்களில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன். கழற்றித் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சின்ன எழுத்தில் வார்த்திருப்பார்கள். இந்தப் பிளாஸ்டிக்குக்கு எதுவும் ஒட்டாத குணம். தண்ணீர் விட்டால் தாமரை இலையில் போல உருண்டு ஓடும், பெயின்டும் அப்படித்தான். நேரடியாக அடித்தால் அன்றைக்கு அழகாக இருக்கும், ஒரு மாதத்தில் நகத்தால் கீறினால் பாம்புச் சட்டைபோல் உரிந்து வரும். அதனால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கென்றே இருக்கும் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். அதில் இருக்கும் குளோரின் சேர்த்த ஒரு வகைப் பிசின், ஒரு கையால் பிளாஸ்டிக்கையும் மறு கையால் பெயின்டையும் பிடித்துக்கொள்ளும். பளபளப்புக்காகப் பலர் மாதாமாதம் பூசும் சிலிக்கான் பாலிஷ் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் கதை முடிந்தது. பெயின்ட் அந்த இடத்தில் விலகிக் குழி குழியாக நிற்கும்.

நான் போன டிங்கரிங் பட்டறை கொண்டலாம்பட்டி பக்கம். பெயின்டர் ஐம்பது வயதுக்காரர். மேலேயே வந்து வீட்டு வாசலில் அடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். "பனியில அடிச்சா வெளுத்துரும் தம்பி." இதன் இயற்பியல் அழகானது. தின்னர் ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் துளியாகப் படிகிறது. காய்ந்துகொண்டிருக்கும் பெயின்டுக்குள் அந்தத் துளி சிக்கி, பால் தெளித்ததுபோல் வெண்மை படர்கிறது. மலையின் ஈரம் மலையிலேயே தன்னை மறைக்கவிடாது என்று இதற்கு ஒரு குறியீட்டு அர்த்தம் கொடுக்கலாம். கொடுக்காமல் நகர்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். ஏர்பேக் இருக்கும் வண்டி என்றால் அந்த மூடியில் கை வைக்க மாட்டாராம். வெளியே தெரியாத மெல்லிய கோடு ஒன்று மூடியின் உள்பக்கம் ஓடுகிறது. பை விரியும்போது அந்தக் கோட்டில்தான் கிழிய வேண்டும். புட்டியும் பெயின்டும் ஏறினால் எப்படிக் கிழியும் என்று யாருக்கும் தெரியாது, உடைந்த சில் முகத்துக்கு வரும். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். அதனால் இது இனி அவருடைய தினசரிக் கேள்வி. பெரியப்பாவின் காரில் ஏர்பேக் இல்லை. தத்துவத்துக்கு வசதியாகப் போயிற்று: உயிர் ஆபத்து இல்லாத இடத்தில் பெயின்ட் மட்டும் என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

*

ஜான் ரஸ்கின் 1849-ல் கட்டடக்கலையின் ஏழு விளக்குகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு விளக்கு உண்மை. மரத்தின் மேல் சலவைக்கல் மாதிரி ரேகை தீட்டுவதை அவர் பொய் என்று சீறுகிறார். ஆனால் தங்கமுலாமைப் பற்றிப் பேசும்போது நிதானமாக ஒன்று சொல்கிறார். கட்டடத்தில் முலாம் பொய் ஆகாது, ஏனென்றால் அதைத் தங்கம் என்று யாரும் நினைப்பதில்லை. நகையில் முலாம் பொய், ஏனென்றால் அங்கே அதைத் தங்கம் என்றே நினைப்பார்கள். பொருளும் பூச்சும் ஒன்றுதான். பார்ப்பவரின் மனதில் என்ன இருக்கிறது என்பதில்தான் உண்மையும் பொய்யும் பிரிகின்றன.

ரஸ்கின் சிதம்பரம் கவரிங் கடைகளைப் பார்த்திருந்தால் நகையைப் பற்றிய பாதி வாக்கியத்தைத் திருத்தியிருப்பார். கவரிங் சங்கிலி நகைதான், மேலே தங்கமுலாம்தான், ஆனால் அதில் பொய் இல்லை. கடைப் பலகையிலேயே கவரிங் என்று எழுதியிருக்கிறது. கல்யாண வீட்டில் அணிந்தவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் பாதி தெரியும். பூச்சோடு நமக்கு இருக்கும் உறவு பழையது, பல வகையானது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோம், புளி பித்தளையோடு சேர்ந்து களிம்பு ஏறக் கூடாது என்பதற்காக. கும்பாபிஷேகத்துக்கு முன் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டுகிறோம். யாரும் 'சாமி வயதை மறைக்கிறது' என்று சொல்வதில்லை. அது புதுப்பித்தல். பெரியப்பா சொன்ன குளிப்பாட்டலும் இந்த வரிசையில்தான் வருகிறது.

அப்படியானால் நெருடல் எங்கே? கோபுரத்தை யாரும் விலைக்கு வாங்கப்போவதில்லை என்பதில்.

*

வாங்குபவரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது ரொம்பப் பழைய சண்டை. கி.மு. 44-ல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் சிசரோ ஒரு வீடு விற்பவரைக் கொண்டுவருகிறார். எல்லா அறையிலும் பாம்பு வருகிறது, மரம் சொத்தை, சுகாதாரம் கெட்ட வீடு. இது சொந்தக்காரருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாமல் விற்கலாமா? இரண்டு ஸ்டோயிக் ஆசான்களை எதிரெதிரே நிறுத்துகிறார். டயோஜனிஸ் கட்சி: சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு; 'சுகாதாரமில்லாத வீடு விற்பனைக்கு' என்று எந்த முட்டாள் தண்டோரா போடுவான்? ஆன்டிபேட்டர் கட்சி: வழி தெரியாதவனுக்கு வழி காட்டாமல் விடுவதே தவறு என்றால், தெரிந்தே ஒருவனைக் குழியில் விழவிடுவது அதைவிடப் பெரிய தவறு. சிசரோ பின்னவர் பக்கம் சாய்கிறார்.

நம் சட்டம் இரண்டு பேரையும் ஒரே பிரிவில் உட்கார வைத்திருக்கிறது. 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 17. தெரிந்த உண்மையைச் செயலால் மறைப்பது மோசடி. வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது. அதற்கு ஒரு குதிரையை உதாரணம் சொல்கிறார்கள். நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் வாய் திறக்காமல் இருந்தால் மோசடி இல்லை. வாங்குவது அப்போதுதான் வயதுக்கு வந்த தன் மகள் என்றால், சொல்லியாக வேண்டும். 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்' என்று வாங்குபவர் சொல்லிவிட்டால், அங்கே மௌனமும் பேச்சுதான். சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நல்ல சிறுகதை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குதிரைக்குச் சாயம் பூசினால் என்ன ஆகும் என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

சாயம் பேசுமா? கான்ட் தன் அற விரிவுரைகளில் இதற்கு அருகில் வருகிறார். நான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்று மற்றவர்கள் நம்ப வேண்டும். அதற்காகப் பெட்டி கட்டுகிறேன். பார்த்தவர்கள் முடிவுக்கு வருகிறார்கள். நான் பொய் சொல்லவில்லை, என் மனதைச் சொல்வதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. பொய்யில் அவ்வளவு கறாரான மனிதர், பெட்டி கட்டுவதை விட்டுவிடுகிறார். புரோக்கரின் தத்துவமும் இதுதான். "பெயின்ட் அடிச்சா புதுசுன்னு நாம எங்கங்க சொல்றோம்?"

ஆனால் கான்டின் பெட்டி தாங்கி நிற்பது அந்தக் கடைசிக் காலில்தான்: கேட்க உரிமையில்லாதவர்கள். கார் வாங்க வந்தவருக்கு அந்த உரிமை இருக்கிறது. அவர் அதற்குத்தான் வந்திருக்கிறார்.

வள்ளுவரிடம் போனால் இன்னொரு வாசல். வாய்மை அதிகாரத்தில் அவர் உண்மையை, நடந்ததை நடந்தபடி சொல்வது என்று வரையறுக்கவில்லை. தீமை விளைவிக்காத சொல் என்கிறார். அந்த அளவுகோலில் பெரியப்பாவின் பெயின்ட் தேறிவிடும்போலத் தோன்றுகிறது, யாருக்கு என்ன தீமை? பிறகு நடுவுநிலைமை அதிகாரத்தில் வணிகனைப் பற்றிய குறள் நினைவுக்கு வந்தது. பிறர் பொருளையும் தன்னுடையதுபோல் பேணு என்பது. அதைக் காருக்குப் பொருத்தினால் கேள்வி கூர்மையாகிறது. இதே காரை நான் வாங்கப்போனால், இந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து எதைத் தெரிந்துகொள்ளப் பார்ப்பேன்?

*

என் வேலையில் லாக் என்று ஒன்று உண்டு. மென்பொருள் தான் செய்ததையெல்லாம் வரிவரியாக எழுதி வைக்கும் குறிப்பு. பயனருக்கு அது தெரியாது. நள்ளிரவில் ஏதாவது உடைந்தால் நாங்கள் முதலில் போய் உட்காருவது அங்கேதான். லாக் அழகாக இருக்காது. அதற்கு ஒரே ஒரு நல்ல குணம், யாரையும் கவர்வதற்காக அது எழுதப்பட்டதில்லை.

காரின் உள் பிளாஸ்டிக்கும் அப்படி ஒரு லாக். ஓடோமீட்டரைத் திருப்பலாம், அது ஒரு எண். ஆனால் 30,000 கிலோமீட்டர் என்று காட்டும் காரில் கிளட்ச் பெடல் ரப்பர் வழுக்கையாக இருந்தால் அனுபவசாலிகள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஸ்டீயரிங்கின் பளபளப்பு, கியர் நாப், டிரைவர் சீட்டின் விலா, கண்ணாடி ஏற்றும் சுவிட்ச் எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊர்ச் சந்தைகளுக்கு வந்துவிடும் என்ற பயம் அதன்பிறகு எல்லாருக்கும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார், சேற்றுக் கோடு இருக்கும் என்று சொல்லித் தருகிறார்கள். பெல்ட்டையும் மாற்றி, பிளாஸ்டிக்குக்கும் பெயின்ட் அடித்துவிட்டால் அந்தக் கோட்டை எங்கே தேடுவது?

ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய சிறிய கட்டுரை அவருக்கு 2001-ல் நோபல் வாங்கிக் கொடுத்தது. (அதற்கு முன் மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின, எழுதுகிறவர்கள் தெம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.) வாங்குபவரால் நல்ல காரையும் கெட்ட காரையும் பிரித்தறிய முடியாவிட்டால், அவர் எல்லாவற்றுக்கும் சராசரி விலையே தருவார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்கமாட்டார். சந்தையில் கெட்டதே மிஞ்சும். பெரியப்பா தன் நல்ல காருக்குப் பெயின்ட் அடிப்பதால் வாங்குபவருக்குத் தீமை இல்லாமல் இருக்கலாம். ஆனால் எல்லாரும் அடித்துவிட்டால், அடிக்காமலேயே நல்லதாக இருக்கும் காரை நம்ப ஆளிருக்காது. தீமை விழுவது இந்தக் காரை வாங்குபவர் மேல் இல்லை, அடுத்த தெருவில் விற்பவர் மேல்.

இதை அப்படியே பெரியப்பாவிடம் சொன்னேன், கொஞ்சம் பெருமையோடுதான். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அப்ப கழுவவும் கூடாதா?"

பதில் உடனே வரவில்லை. தூசி சாட்சி சொல்வதில்லை, துடைக்கலாம் என்று வைத்துக்கொண்டால், பூசணம்? அது சாட்சி. இந்த வண்டி வருடக்கணக்காகப் பனியில் நின்றது, அடித்தகட்டில் துரு இருக்கலாம் என்று சொல்லும் சாட்சி. அதை சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே ஒரு வரி அழிந்துபோகிறது. அப்படியானால் பெயின்டுக்கும் ஈரத்துணிக்கும் நடுவே நான் போட்ட கோடு செயலைப் பொறுத்தது அல்ல. அந்தப் பரப்பைப் பார்த்து வாங்குபவர் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுவார் என்பதைப் பொறுத்தது. பதிலை அழித்தால், அதே பதிலை வேறு வழியில் கையில் கொடுக்க வேண்டும். அதுவரைதான் என்னால் போக முடிந்தது. பெரியப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கணக்கு எழுதியவர் அல்லவா, அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவருக்குப் புதிதில்லை.

கழற்றுவதற்கு முன் எல்லாப் பகுதிகளையும் படம் எடுத்தேன், 34 படங்கள். பூசணம், வெளுப்பு, மோதிரப் பள்ளம் எல்லாம். பட்டறை பில்லோடு சேர்த்து ஒரு உறையில் போட்டு வைத்தோம். புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார்.

வாங்க வந்தவர் செம்மடுவுப் பக்கத்து இளைஞர். தோட்டத்து மிளகை வண்டியில் வைத்துக் கீழே கொண்டுபோக வேண்டும் என்றார். படங்களை இரண்டு மூன்று புரட்டினார். "வெளியில நின்ன வண்டிங்களா" என்றார். குனிந்து அடித்தகட்டைப் பார்த்தார், பின் சக்கரத்துக்கு மேலே ஒரு இடத்தை விரலால் தட்டினார், எட்டாயிரம் குறைத்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி எங்கள் எல்லாப் படங்களுக்கும் வெளியே இருந்தது: "பிரேக் ஆயில் எப்ப மாத்துனது?"

அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். 20 வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது கொதித்து, குழாயில் ஆவி அடைத்து, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். பெரியப்பா தேதி சொன்னார், வருடாவருடம் மாற்றுபவர். அதற்குச் சாட்சி எந்தப் பிளாஸ்டிக்கிலும் இல்லை. வாய்ச்சொல்தான். இளைஞர் நம்பினார்.

*

எனக்கு இன்னும் தீராதது அந்த உறை. பெயின்ட் காரோடு போகிறது. உறை காரோடு போகுமா? இளைஞர் ஐந்து வருடம் கழித்து விற்கும்போது 34 படங்களை அடுத்தவருக்குக் கொடுப்பாரா? ரஸ்கினின் முலாம் பொய்யாகாமல் இருப்பது சுற்றி இருப்பவர்களின் புரிதலால். புரிதல் மனிதர்களிடம் இருக்கிறது, பொருளில் இல்லை. பாட்டி கவரிங் என்று தெரிந்தே போட்ட சங்கிலியைப் பேரன் பெட்டியிலிருந்து எடுத்து அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறான். யாரும் பொய் சொல்லவில்லை. கடைக்காரர் உரைகல்லில் தேய்த்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது பேரனின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

பழைய கட்டடங்களைப் பேணுகிறவர்கள் இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். 1964-ன் வெனிஸ் சாசனம், காணாமல்போன பகுதிகளுக்குப் பதிலாக வைப்பவை முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், அதே நேரத்தில் பழையதிலிருந்து பிரித்தறியக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. திருத்தம் தன்னைத் திருத்தம் என்று தானே சொல்ல வேண்டும், யாரும் உறை வைத்திருக்கத் தேவையில்லாமல்.

அதனால் பட்டறையில் சிலவற்றைத் தொடவேண்டாம் என்று முன்பே கேட்டிருந்தேன். கியர் நாப், பெடல் ரப்பர்கள், ஸ்டீயரிங், குளோவ் பாக்ஸின் உள்பக்கம். எண்ணற்ற கைகள் பட்ட இடங்கள் அப்படியே இருக்கட்டும், குளோவ் பாக்ஸைத் திறந்தால் பழைய நிறமும் புது நிறமும் அருகருகே தெரியட்டும். பெயின்டருக்கு இது பிடிக்கவே இல்லை. "நாளைக்கு எவனாச்சும் திறந்து பாத்தா, அரைகுறை வேலை எந்தப் பட்டறைன்னுதான் கேப்பான். உங்களையா கேப்பான்?" என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நேர்மை இருந்தது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேரம் நடந்தது. கியர் நாப், பெடல், ஸ்டீயரிங் சரி என்றார். குளோவ் பாக்ஸுக்கும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். டிரைவர் பக்கக் கைப்பிடியை மட்டும் விடமாட்டேன் என்றார். புட்டி வைத்து, தேய்த்து, மூன்று கோட் அடித்து, மோதிரப் பள்ளம் இருந்த இடத்தில் பக்கத்துப் பரப்பிலிருந்து சிலிக்கான் அச்சு எடுத்து அந்த மாட்டுத் தோல் சுருக்கத்தையும் கொண்டுவந்துவிட்டார். விரலால் தடவிப் பார்த்தேன், எங்கே பள்ளம் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.